ஒயர் இல்லாத ரெகுலேட்டர்

அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அவருக்கு டிகிரி சார் என்று பேர். படித்து வாங்கிய பட்டத்தால் வந்த பேர் இல்லை. பள்ளிக்கூடத்தையே அவர் பாதிதான் பார்த்திருந்தார். யார் எதைக் கேட்டாலும் டிகிரியில் பதில் சொல்லுவார், அதனால் வந்தது. லிஃப்டில் யாராவது பேச்சுக்கு, "இன்னைக்கு வெயில் கொளுத்துது இல்ல சார்?" என்றால், "முப்பத்தெட்டு. நேத்து முப்பத்தொம்பது. கொறைஞ்சிருக்கு" என்று சொல்லிப் பேச்சின் கழுத்தை அங்கேயே நெரித்துவிடுவார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் அவர் ஒரு முள் வெப்பமானி குத்தியிருந்தார்.

மொட்டை மாடியில் இருந்த குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முப்பத்தோரு வருஷம். இயந்திரம் மக்கர் பண்ணினால் சமாளிக்க அவருக்குத் தெரியும். மனிதர்கள் மக்கர் பண்ணுவதுதான் தலைவலி. ஐந்தாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்த கணக்குப் பிரிவு அம்மா ஃபைலால் விசிறிக்கொண்டே போன் செய்வார்: "சார், அவிச்ச கிழங்கு மாதிரி இருக்கோம், கொஞ்சம் குளிரை ஏத்துங்க." பத்தடி தள்ளி உட்கார்ந்தவர் மப்ளர் சுற்றிக்கொண்டு அடுத்த நிமிஷமே போன் செய்வார்: "சார், எங்களை என்ன மீன் கடையில போட்டு வச்சிருக்கீங்களா?" ஒரே அறை. ஒரே காற்று. டிகிரி சார் வெப்பமானியைக் கொண்டுபோய் நடுவில் பிடித்து, "இருபத்தி நாலு. ரெண்டு பேர் சொல்றதும் பொய்" என்பார். இரண்டு பேரும் அவரைத் திட்டுவார்கள்.

இதற்கு ஒரு விடிவு எலியால் வந்தது. ஒரு தடவை எட்டாம் மாடிச் சுவரைத் திறந்தபோது, அங்கிருந்த ரெகுலேட்டரின் ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது; கடிபட்ட இடத்தில் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. குறைந்தது ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு வருஷமும் எட்டாம் மாடிக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பி, "இப்ப பரவாயில்ல" என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். ஒரு புகார் வந்ததில்லை.

டிகிரி சார் அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடியாகச் சுவரில் ஒயர் இல்லாத ரெகுலேட்டர் முளைத்தது. மொத்தம் இருபத்து மூன்று. போகப் போக வேலையில் நயமும் கூடியது. வெறும் குமிழ் சும்மா சுற்றினால் ஜனங்கள் நம்புவதில்லை என்று கண்டுபிடித்து, பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை உள்ளே வைத்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. காற்று வரும் சல்லடையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். அது எந்நேரமும் ஆடிக்கொண்டிருந்தது. "கண்ணும் காதும் ஆறிடுச்சுன்னா உடம்பு தன்னால ஆறிடும்" என்பது அவர் கண்ட ஞானம். கணக்குப் பிரிவு அம்மா தன் ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு அவருக்கு போனில் நன்றி சொன்னார். மப்ளர்காரர் மப்ளரைக் கழற்றினார்.

வீட்டிலும் அவர் ராஜ்யம் குளிர் ராஜ்யம்தான். ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு சின்ன இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்து, தன் வீட்டு மாடியில் ஏற்றி, தகரக் குழாய் வழியாகக் கூடத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் காற்றைக் கொண்டுவந்திருந்தார். வெயில் காலத்தில் குளிர் தரும், குளிர் மாசங்களில் சூடு தரும். முதல் மாசத்துக் கரண்டு பில்லை அவர் நின்றபடி ஒரு தடவையும், உட்கார்ந்து ஒரு தடவையும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவையும் படித்தார். மறுநாள் கூடத்தில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மேல் தகரக் கூடு ஒன்றை அறைந்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார். வெயிலுக்கு இருபத்தேழு. குளிருக்குப் பத்தொன்பது. அதற்கு மேல் கேட்பதற்கு அந்த வீட்டில் வாய் கிடையாது.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அவர், மனைவி, ஒரே மகள். மகள் பின்னால் கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போனாள்.

மனைவிக்கு நாற்பத்தாறு வயசு நடந்தபோது, மாதவிலக்கு நிற்கிற பருவத்தில், அந்தச் சூடு ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போதே மார்பிலிருந்து கிளம்பி, கழுத்தைப் பிடித்து, காது மடல் வரை ஏறும். கை வேலையைப் போட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். துடைப்பதற்குள் மறுபடி நனைந்திருக்கும்.

"ஏங்க, உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டின மாதிரி இருக்குங்க. கொஞ்சம் கொறைச்சு வைங்களேன்."

அவர் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "என்ன காட்டுது, படி."

"இருபத்தேழு."

"இருபத்தேழுல யாருக்காவது வேர்க்குமா? எனக்கு வேர்க்குதா? உன் பொண்ணுக்கு வேர்க்குதா?"

"எனக்கு வேர்க்குதே."

"அப்போ கோளாறு உங்கிட்ட இருக்கு. ஊரே சரியா இருக்கறப்போ நீ ஒருத்தி தப்புன்னா என்ன அர்த்தம்?"

மகள் சிரித்தாள். மனைவியும் கூடச் சிரித்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப் பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் அவர் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு சின்ன அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். படுக்கையறையில், அவள் படுக்கும் பக்கத்துச் சுவரில், துளை போட்டு, அந்த வெள்ளை ரெகுலேட்டரைப் பொருத்தினார். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். சல்லடையில் சிவப்பு நூல்.

"இது உனக்கு மட்டும். குழாய்க்குள்ள ஒரு கதவு இருக்கு. நீ திருப்பினா திறக்கும், உன் பக்கம் மட்டும் காத்து கூட வரும்."

அவள் ஒன்றில் வைத்தாள். டிக். இரண்டில் வைத்தாள். டிக். அண்ணாந்து நூலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வருதுங்க!" என்றாள்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், அவள் வாய்விட்டுக் கேட்காத ஒரு பொருளை அவர் தானாகச் செய்து கொடுத்தது அது ஒன்றுதான். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். "எனக்குன்னே தனியா போட்டுக் குடுத்திருக்காருப்பா. வெளியில முரட்டு ஆளு மாதிரிதான் தெரியும்." ரெகுலேட்டரைத் தினமும் ஈரத் துணியால் துடைத்தாள். இன்னொன்றும் செய்தாள்: சாதாரணமாக இரண்டுக்கு மேல் அதைத் திருப்புவதில்லை. கரண்டு வீணாகுமே என்று. உடம்பு பற்றி எரிகிற அன்றைக்கு மூன்று வைப்பாள். ஐந்து நிமிஷம் எண்ணிவிட்டுத் திரும்ப இரண்டுக்கு இறக்குவாள். மாசக் கடைசியில் பில் குறைவாக வந்தால், "நான் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கறேன், தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்வாள்.

"அதான் தெரியுதே, கெட்டிக்காரி" என்பார் அவர். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விடுவாள். அவளுக்கு அவர் முதல் வாரமே ரகசியத்தைச் சொல்லியிருந்தார்.

இப்படி ஏழு வருஷம் ஓடிற்று. நாளாக ஆக அந்தச் சூடு அடங்கி, அவள் ரெகுலேட்டரைத் துடைப்பதோடு சரி என்று ஆனது. கடைசி வருஷத்தில் அது மறுபடி கிளம்பியது, இந்தத் தடவை வேறு மாதிரி. முன்பெல்லாம் வந்து போகும். இப்போது போகவே இல்லை. தட்டு நிறையச் சாப்பிட்டும் இளைத்தாள். டம்ளரை வாங்கும்போது கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது. உட்கார்ந்த இடத்திலேயே படி ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கினாள். முதல் தடவையாக நாலு வைத்தாள். பிறகு ஐந்து. ஐந்திலும் நிற்கவில்லை.

"ஏங்க, ரெகுலேட்டர் சரியா வேலை செய்யலை போலிருக்கு. ஒரு தடவை பாருங்களேன்."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஸ்க்ரூ டிரைவரால் இங்கே குடைந்தார், அங்கே தட்டினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். "தூசி அடைச்சிருக்கு. இப்ப திருப்பு."

டிக்.

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். "ஆமாங்க. இப்ப கொஞ்சம் தேவலை."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது சிரிப்பை அடக்கின அடக்கில் இருமல் வந்துவிட்டது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி வழியில் சிந்திவிட்டு மீதியைக் கொடுத்தாள்.

அடுத்த மாசம் அவர் ஓய்வு பெற்றார். ஐந்தாம் மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டு வழியனுப்பு விழா நடத்தினார்கள். மனைவியையும் மகளையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். "என்னம்மா, இளைச்சு இப்படி அழகாயிட்டீங்க? ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்க" என்று இரண்டு பேர் வந்து கேட்டுப் போனார்கள். அவள் கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்தவர் கணக்குப் பிரிவு அம்மா ஒருவர்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விழா அழைப்பிதழை மடித்து விசிறியாக்கி அவள் கையில் கொடுத்தார். "இந்த எடம் எப்பவும் இப்படித்தாங்க. இருங்க, ரெகுலேட்டரைத் திருப்பிட்டு வரேன்" என்று எழுந்துபோய்த் திருப்பிவிட்டு வந்தார்.

டிகிரி சார் மைக்கைப் பிடித்தார். பேசிப் பழக்கமில்லாத ஆள். முதல் இரண்டு நிமிஷம் எழுதி வந்த நன்றியைப் படித்தார். அப்புறம் அந்த ரெகுலேட்டரைத் திருப்பின கை கண்ணில் பட்டது. இனி மறைத்து ஆகப்போவது என்ன என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இப்ப ஒரு அம்மா எழுந்துபோய் எதையோ திருப்பிட்டு வந்தாங்களே, அதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? ஒரு பேனா ஸ்பிரிங். ஒயரே கெடையாது!"

கூடம் ஒரு நொடி புரியாமல் நின்று, பிறகு கொல்லென்று சிரித்தது. மப்ளர்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எலிக் கதை, சிவப்பு நூல் எல்லாம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக இருநூறு பேர் அவர் பேச்சுக்குச் சிரித்தார்கள். அந்தப் போதை தலைக்கேறியது. நிறுத்த வேண்டிய இடம் வந்தது; அவர் நிறுத்தவில்லை.

"உங்களை மட்டும் ஏமாத்தலை. இதோ உக்காந்திருக்காங்களே என் வீட்டுக்காரம்மா, அவங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கேன். ஏழு வருஷமா ராத்திரி பகல் திருப்பிக்கிட்டு இருக்காங்க. அதுலயும் ரெண்டுக்கு மேல வைக்க மாட்டாங்க. ஏன்னு கேளுங்க. கரண்டு செலவாயிடுமாம்!"

ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"போன மாசம் வந்து, ரிப்பேர் ஆயிடுச்சு, பாருங்கன்னாங்க. நானும் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் விட்டேன். 'ஆமாங்க, இப்ப தேவலை'ன்னாங்க! உடம்பு சொல்றதை மட்டும் நம்பவே நம்பாதீங்க. மகாப் பொய் பேசும்."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பைத் தவிர அந்த இடத்தில் செய்ய வேறு எதுவும் இல்லை. விசிறிக்கொண்டிருந்த அட்டையை மெதுவாக மடியில் வைத்தாள். கணக்குப் பிரிவு அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அந்த ரெகுலேட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, அவருக்கு வைத்திருந்த பரிசுப் பைக்குள் போட்டார். அதையும் தமாஷ் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

வீடு திரும்பும் வழியில் அவள் மகளிடம் மட்டும் ஒன்று கேட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"ஐயோ அம்மா, அது மாட்டின வாரமே தெரியும். தமாஷுக்குத்தானே. அப்பா மூஞ்சியைப் பார்த்தியா இன்னைக்கு, எவ்வளவு சந்தோஷம்!"

"ஆமா, சந்தோஷமா இருந்தாரு" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சூடு என்ற பேச்சே எழவில்லை. ஓய்வு பெற்றவர் நாள் முழுக்கக் கூடத்தில் இருந்தார். அவளை எதிரிலேயே பார்த்தார். முகம் நனைந்தால் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ரெகுலேட்டரைத் துடைக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. அது ஐந்திலேயே நின்றது. "பார்த்தியா, அது பொய்னு தெரிஞ்சதும் உன் வேர்வையும் நின்னுபோச்சு" என்று அவர் ஒரு நாள் சொன்னார். அவள் முதுகுப் பக்கம் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆமாங்க, மனசுதான் போல" என்றாள். அதை அவள் உண்மையாகவே நம்பினாள் என்பதுதான் கொடுமை. நெஞ்சு படபடத்தபோதும் அதையே சொல்லிக்கொண்டாள். இரண்டு படி ஏறினதும் உட்கார வேண்டி வந்தபோதும் அதையே. இருநூறு பேர் முன்னால் பொய் என்று ஆகிப்போன உடம்பின் பேச்சை அவள் எதற்குக் கேட்பாள்?

நாலாவது மாசம், காலை பத்து மணிக்கு, கொடியில் போர்வையைப் போட்டுக்கொண்டிருந்தவள் போர்வையோடு கீழே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். நூற்று ஐம்பது. அது ஒழுங்கான துடிப்பாகவும் இல்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் அவள் கட்டில் பக்கத்திலேயே அவரையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது அளவு மீறி வேலை செஞ்சிருக்கு. உள்ள அடுப்பு அணையாம எரிஞ்ச மாதிரி. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். இதயம் அந்த ஓட்டத்துக்கு ஈடு குடுத்துக் குடுத்துத் தளர்ந்துபோச்சு. கழுத்தைச் சரி பண்ணிடலாம். இதயத்துல போனது முழுசா திரும்பாது." பிறகு கேட்டார்: "சூடு தாங்காம ரொம்பத் தவிச்சிருப்பாங்களே. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

டிகிரி சார் சட்டைப் பையைத் தடவினார்.

கட்டிலில் இருந்தவள்தான் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. வீட்டுக்காரருக்குப் பரிந்து பேசுகிற அதே குரல். "சொன்னேன் டாக்டர். ஆனா அது நிஜம் இல்லைன்னு இவரு கண்டுபிடிச்சுட்டாரு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதிர் மருந்து கொடுத்து அந்தச் சுரப்பியைச் சுட்டு அணைத்தார்கள். அணைந்த பிறகு எல்லாம் தலைகீழாகத் திரும்பியது. சுரப்பி செய்த வேலைக்குப் பதிலாக இனி ஆயுசுக்கும் மாத்திரை; இதயம் தாங்காது என்பதால் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும், அது வரைக்கும் குளிர் எடுக்கும், கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

டிகிரி சார் வீட்டுக்கு வந்த மறுநாளே தகரக் குழாயைப் பிரித்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக அவர் ஒரு வேலை செய்ததில்லை. குழாய்க்குள் நிஜமாகவே ஒரு கதவு வைத்தார், அதற்கு ஒரு குட்டி மோட்டார், சுவருக்குள் நிஜ ஒயர். கூடத்தில் இருந்த தகரக் கூட்டை நெம்பி எடுத்தார். பூட்டோடு குப்பைக்குப் போயிற்று. ரெகுலேட்டரை மூடாமல் திறந்தபடி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. சிவப்பு ஒண்ணு, கருப்பு ஒண்ணு. தொட்டுக்கூடப் பாரு. இப்ப வேலை செய்யும். நிஜமா."

"சரிங்க."

"திருப்பிப் பாரேன்."

"நீங்களே வைங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

மூன்றில் வைத்தார். சல்லடை வழியாக வெதுவெதுப்பான காற்று இறங்கியது. "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

ஐந்தில் வைத்தார். "இப்ப?"

"நல்லா இருக்குங்க."

நாலைந்து நாள் இப்படியே போயிற்று. குளிருதா என்றால் இல்லை. வேர்க்குதா என்றால் இல்லை. இரண்டு போர்வைக்குள் சுருண்டிருப்பாள்; கேட்டால் நல்லா இருக்கு. ஒரு நாள் மத்தியானம் அவருக்கு ஒரு வெறி வந்தது. கூடத்துப் பெட்டியைப் பதினாறுக்கு இறக்கிக் குளிரை முழுசாகத் திறந்துவிட்டு, அவள் தலைமாட்டில் வந்து நின்றார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அவருக்கே கை மயிர் குத்திட்டது. அவள் உதடு வெளுத்து, தாடை மெல்ல ஆடத் தொடங்கியது.

"இப்ப எப்படி இருக்கு? வாயைத் திறந்து சொல்லேன்!"

அவள் அண்ணாந்து, ஆடிக்கொண்டிருந்த சிவப்பு நூலைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் கூடத்துக்கு ஓடினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பதில் நிறுத்திவிட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணில் இறங்கி எரிந்தது. பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். அறையின் கணக்கை அது சரியாகவே சொன்னது. வாசலில் யாரோ மணி அடித்து, கரண்டு பில்லைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

போர்வை நுனியில் அவள் பாதம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. கையை நீட்டினார்.

பாதம் போர்வைக்குள் போய்விட்டது.